நான் விற்ற விதை மல்லாட்டை

கண்ணா,

இந்தக் கடிதத்தை வீட்டில் தனியாக உட்கார்ந்து படிக்காதே. எடுத்துக்கொண்டு செங்கல்பட்டுக்குப் போ. பிரியா எதிரில் உட்கார்ந்து பிரி. முடிந்தால் அவளையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லிவிட்டு நீ சும்மா கேள். அவள் அப்பா அம்மா கேட்டாலும் பரவாயில்லை, எனக்கு மறைக்க இனி ஒன்றும் இல்லை. இதைப் போனில் சொல்லக்கூடாதா என்பாய். போனில் பேசினால் நான் ஜெயித்துவிடுவேனடா. விழுப்புரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலமெல்லாம் பேசியே சம்பளம் வாங்கியவள் நான். எதிராளி ஒரு வார்த்தை சொல்வதற்குள் நாலு வார்த்தை சொல்லி லைனை வைத்துவிடுகிற வாய் இது. போன மாதம் உன்னிடமும் பிரியாவிடமும் அப்படித்தான் ஜெயித்தேன். நான் ஜெயித்ததில் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அதனால்தான் பேனாவை எடுத்தேன். எழுதிப் பழக்கம் விட்டுப்போயிற்று, எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும்.

போன மாதம் நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், பிறகு நான் அப்படிச் சொல்லவில்லை என்று எனக்கே தோன்றிவிடும். "கல்யாணம் ஆகி ஒரு வருஷம்கூட ஆவல, ஃப்ளாட்டு வாங்கினு தலைக்கு மேல கடன வச்சிக்கினு உக்காந்துகினு கீறீங்க. பிரியா மாசாமாசம் ஃபண்டுல போட்டு வச்சிருக்குதே, அத்த எடுத்து ஒரே கட்டா பேங்குல கட்டு. புருஷன் பொண்டாட்டிக்குள்ள அவ பணம் உன் பணம் இன்னாத்துக்கு?" என்றேன். பிரியா போனை வாங்கி, "அத்தை, அது குழந்தை பொறந்தா ஒரு வருஷம் லீவு போடணும்ல, சம்பளம் இருக்காது, அதுக்குன்னு சேத்தது" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். "பொறக்கும்போது பாத்துக்கலாம், இப்ப கடனப் பாரு" என்று நான் வெட்டினேன். "சரிங்க அத்தை" என்றாள். அந்தச் 'சரிங்க'வில் சம்மதம் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் சந்தோஷப்பட்டேன். நாலு நாள் கழித்து நீ கூப்பிட்டு, "எல்லாம் ரெடிம்மா, அவ கையெழுத்துதான் பாக்கி, போடாம அழறா" என்று என்னிடமே புகார் சொன்னாய்.

நீ பேசியதெல்லாம் ஸ்பீக்கரில் கேட்டது. கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த உன் அப்பா அதை மடித்து வைத்தார். நான் போனை வைத்த பிறகு, "நாம பண்ணதயே அதுங்களும் பண்ணணுமா?" என்றார். அவ்வளவுதான். எழுந்து போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். எனக்கு அந்த இடத்திலேயே உடம்பு கூசிப்போய்விட்டது. 'நாம' என்றார் பார். அந்தக் காரியத்தில் அவர் கிடையாது கண்ணா. செய்தது முழுக்க நான். முப்பது வருஷமாக என்னிடம் அவர் அதை 'நாம' என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் நானும் சௌகரியமாக ஒளிந்துகொண்டிருக்கிறேன். உனக்கு வேறு மாதிரி தெரியும். உன் அப்பா தன் கூடப்பிறந்த தம்பியை ஏமாற்றினார் என்றுதான் உனக்குத் தெரியும். உண்மையில் நடந்தது என்ன என்று இப்போது சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்களுக்குக் கல்யாணம் ஆனது. எனக்கு விழுப்புரத்தில் வேலை, அவருக்குத் திண்டிவனத்தில் பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க் வேலை. காலையில் ரயிலில் போய்ச் சாயங்காலம் ரயிலில் வருவார். வாடகை வீட்டில் ஒண்டிக்கொண்டு இருந்தோம். ஊருக்கு வெளியே கரும்புக்கொல்லையை ஒட்டி மனை போட்டார்கள், கூட்டுறவுச் சங்கத்தில் வீட்டுக்கடன் கொடுத்தார்கள். இரண்டு பேருக்கும் சம்பளம் வருகிறதே என்ற தைரியத்தில் வாங்கினோம். இப்போது நாங்கள் இருக்கிற வீடுதான். கடன் வாங்கிய அன்றைக்கே உன் அப்பா ஒரு ஏற்பாடு சொன்னார். "சம்பளம் வந்தா மொதல்ல சங்கத்துக்குக் கட்டிப்புடணும், அதுல ஒரு நாள் தப்பக் கூடாது. அப்புறம் வீட்டுச் செலவு. மிஞ்சுறதை ரெண்டாப் பிரிச்சிக்கலாம். ஒரு பாதி கடனுக்கு மேல்கொண்டு கட்டலாம், ஒரு பாதி நம்ம கையில இருக்கட்டும். எல்லாத்தையும் செவுத்துல கொட்டிட்டா, அவசரத்துக்குச் செவுத்த ஒடச்சா எடுக்க முடியும்?" என்றார். சரி என்று தலையை ஆட்டினேன். மனசுக்குள், பயந்தாங்கொள்ளி, கடனைச் சீக்கிரம் அடைக்க வக்கில்லாமல் கதை சொல்கிறான் என்று நினைத்தேன். உன் அப்பாவை அப்படித்தான் நினைத்தேன், மறைப்பானேன்.

கடன் என்றால் எனக்கு அப்போது அவ்வளவு பயம். வளவனூரில் நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், கரும்புக்கு வாங்கிய கடனை என் அப்பா கட்டவில்லை என்று எங்கள் வீட்டுக்கு ஜப்தி வந்தது. அண்டா, குண்டான், ஆட்டுக்குட்டி எல்லாவற்றையும் எடுத்தார்கள். அதற்கும் மேலே பாக்கி இருந்ததால் வாசக்காலில் இருந்து தெருக்கதவைக் கழற்றி வண்டியில் ஏற்றினார்கள். தெரு முழுக்க நின்று பார்த்தது. அம்மா ஒரு பழம்புடவையை வாசலில் கட்டித் தொங்கவிட்டாள், கதவு திரும்பி வருகிற வரைக்கும் நாங்கள் அந்தப் புடவைக்குப் பின்னால்தான் படுத்தோம். என்னோடு படித்தவள் ஒருத்தி பள்ளிக்கூடத்தில், "உங்க வூட்டுக் கதவு எங்கடி?" என்று கேட்டுச் சிரித்தாள். இந்தக் கதையை உனக்குப் பலதடவை சொல்லியிருக்கிறேன். எப்போது சொன்னாலும் நான் பாவப்பட்டவள் என்று முடிகிற மாதிரிதான் சொல்வேன். அது நிஜம்தான். ஆனால் பிறகு நான் செய்ததற்கு அதைச் சாக்காகச் சொல்வதற்கு எனக்கு உரிமை இல்லை.

உன் சித்தப்பா ஓமந்தூர்ப் பக்கத்தில் இருக்கிற நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுவார். மானாவாரி நிலம், வீட்டை ஒட்டி ஒரு கிணற்றடியில் மட்டும் கொஞ்சம் தண்ணீர். சித்திரையில் அந்தக் கிணற்றடிக் காயைப் பிடுங்குவார். பிடுங்கின கையோடு கடன்காரன் வந்து நிற்பான், கிடைத்த விலைக்கு எல்லாவற்றையும் தள்ளிவிடுவார். ஆடியில் மழை விழுந்ததும் விதைக்காக அதே மல்லாட்டையை இரண்டு மடங்கு விலைக்கு வாங்குவார். வருஷா வருஷம் இந்தக் கூத்துதான். உன் அப்பா அதைப் பார்த்துவிட்டு, கையில் இருக்கட்டும் என்று ஒதுக்கிய பாதிப் பணத்தில் சித்திரையிலேயே தம்பியின் மூட்டைகளை மார்க்கெட் விலை கொடுத்து வாங்கிக்கொண்டார். ஆடியில் தம்பிக்கு வேண்டிய விதையை அதே சித்திரை விலைக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவது, மீதி மூட்டைகளை விதை விலைக்கு விற்று லாபத்தை இரண்டு பேரும் பிரித்துக்கொள்வது என்று பேச்சு. பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது. அண்ணன் தம்பிக்குள் எதற்கு என்று விட்டுவிட்டார்கள். தரை போடாத உள்ளறையில் பலகை அடுக்கி, வேப்பிலை தூவி, மூட்டைகளை ஏற்றினோம். இரண்டு வருஷம் நன்றாக நடந்தது. லாபத்தைத் தபால் ஆபீசில் போட்டோம். மூன்றாவது வருஷம் நீ பிறந்து தவழ்ந்துகொண்டிருந்தாய். உன்னை அந்த மூட்டை மேல் உட்கார வைத்துத்தான் கேப்பைக் கூழ் ஊட்டுவேன்.

அந்த வருஷம் உன் சித்தப்பா விதைக்கென்று பெரிய காயாகத் தன் கையாலேயே பொறுக்கி எடுத்து, அந்த மூட்டைகளின் வாயை மட்டும் சிவப்புக் கயிற்றால் தைத்திருந்தார். அது விதை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அதை நீ முதலில் தெரிந்துகொள்.

வைகாசியில் என்ன நடந்தது என்றால், எங்கள் பக்கத்து மனைக்காரி, என்னோடு அதே எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள், கடனை முடித்துச் சங்கத்திலிருந்து பத்திரத்தைத் திருப்பி வாங்கிவிட்டாள். ஆபீஸ் முழுக்க லட்டு கொடுத்தாள். என்னிடம் வந்தபோது, "உன்னுது இன்னும் எத்தினி வருசம் கீது?" என்றாள். குத்தலாகக் கேட்டாளோ, சும்மா கேட்டாளோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. லட்டைத் தின்னாமல் மேஜை மேலேயே வைத்துவிட்டேன். கடன் பயம் அன்றைக்கு எங்கே போனதென்றே தெரியவில்லை, பொறாமைதான் முழுக்க. நானும் இந்த மாதத்துக்குள் லட்டு கொடுக்க வேண்டும் என்று முடிவு பண்ணிக்கொண்டேன். சீ, எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. ஒரு தட்டு லட்டுக்காகச் செய்தேன்.

உன் அப்பாவை அப்போது ஏதோ பயிற்சி என்று கடலூருக்கு அனுப்பியிருந்தார்கள். பத்து நாளைக்கு வரமாட்டார். அவர் இருந்தால் விடமாட்டார் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் அந்த நாளைப் பார்த்துச் செய்தேன். தபால் ஆபீசில் இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற கணக்கு, போய் முழுக்க எடுத்தேன். கழுத்துச் சங்கிலியை அடகு வைத்தேன். அப்போதும் துண்டு விழுந்தது. எண்ணெய் மில்லுக்குக் காய் வாங்கிக் கொடுக்கிற தரகரை வரச்சொன்னேன். அவர் வந்து மூட்டையைக் குத்திப் பார்த்து, சாதாரண மூட்டைகளை மட்டும் எடுத்து வைத்தார். "அந்தச் செவப்புக் கயிறு மூட்டயுமாம்மா?" என்று கேட்டார். ஆடிக்கு இன்னும் நாள் இருக்கிறது, ஆடி மாதச் சம்பளத்தில் விதையை வாங்கிக் கொடுத்துவிட்டால் போயிற்று, யாருக்குத் தெரியப்போகிறது என்று கணக்குப் போட்டேன். "எல்லாத்தயும் ஏத்துங்க, ஜல்தி" என்றேன். செக்கில் ஆட்டுகிற விலைக்கு விதையைக் கொடுத்தேன். அறை காலியானது. மறுநாள் சங்கத்தில் பணத்தைக் கட்டி, பத்திரம் கிடைக்கும் என்று அவர்கள் சொன்ன அன்றைக்குப் போய் வாங்கி, சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டினேன். எக்ஸ்சேஞ்சில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தேன். பக்கத்து மனைக்காரிக்கு இரண்டாகக் கொடுத்தேன்.

உன் அப்பா ஊரிலிருந்து வந்ததும் பத்திரத்தைக் கையில் கொடுத்தேன். கால் கழுவிக்கொண்டு வந்து வாங்கிப் பார்த்தார். எப்படி என்று கேட்கவில்லை, நேராக உள்ளறைக்குப் போனார். வெறும் பலகையைத் தொட்டுப் பார்த்தார். "வெத ஆச்சேம்மே அது" என்றார். "வாங்கிக் குடுத்துறலாங்க, ஆடிக்கு நாள் கீதே, இன்னா பெரிய பேஜாரு" என்று நான் எகிறினேன். "நானு கஷ்டப்பட்டு கடன முடிச்சிருக்கிறேன், ஒரு நல்ல வார்த்த சொல்லத் தோணலியா உங்களுக்கு?" என்று அழவும் செய்தேன். தப்பு செய்தவளே அழுதால் மற்றவர் என்னதான் செய்வார். "சரி, அழாத. தம்பிகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார்.

ஆடிக்கு நான் போட்ட கணக்கு எதுவும் நிற்கவில்லை. ஆனி கடைசியிலேயே நல்ல மழை விழுந்துவிட்டது. காணையிலிருந்து திண்டிவனம் வரைக்கும் எல்லோரும் ஒரே நேரத்தில் ஏரைப் பூட்ட, விதை விலை கிடுகிடுவென்று ஏறியது. அதே வாரம் உனக்கு வயிற்றுப்போக்கு வந்து கண் செருகிப் போனாய். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நீ பிழைத்து வந்தாய், இரண்டு பேர் சம்பளமும் அங்கேயே போயிற்று. கையில் வேறு பணம் இல்லை. தபால் ஆபீசில் இல்லை, கழுத்தில் இல்லை, உள்ளறையில் இல்லை. பெட்டியில் பத்திரம் மட்டும் இருந்தது, கடனே இல்லாத பத்திரம். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஒரு படி மல்லாட்டை கொடுப்பார்களா? புதுக்கடன் கேட்டால் கைக்கு வரப் பல மாதம் ஆகும் என்றார்கள். உன் அப்பா பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் கைமாற்றுக் கேட்டார். ஒரு மூட்டைக்குக்கூடத் தேறவில்லை. அன்றைக்குத்தான் அவர் சொன்ன 'ஒரு பாதி கையில' என்பதன் அர்த்தம் எனக்கு உறைத்தது. பயந்தாங்கொள்ளித்தனம் ஒன்றும் இல்லை அது. தலைவலி, காய்ச்சல், மழை, தம்பி எல்லாம் சொல்லாமல் வரும் என்று தெரிந்த மனுஷனின் பேச்சு அது.

உன் சித்தப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். தோளில் கயிற்றுச் சுருள், கூட ஒரு ஆள். மூட்டைகளை பஸ் மேலே ஏற்றிக்கொண்டு போவதற்கு வந்திருந்தார். வாசலில் செருப்பை விட்டுவிட்டு, உன்னைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு, "மண்ணு நல்ல ஈரமா கீது அண்ணா, நாளைக்கே போட்றலாம்" என்று சிரித்துக்கொண்டே உள்ளறைப் பக்கம் போனார். நான் காபி டம்ளரோடு சமையலறை நிலையில் நின்றேன். வாயைத் திறக்க வேண்டும் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். அதற்குள் உன் அப்பா, "நான்தான்டா வித்துட்டேன். வீட்டுக் கடன அடைக்கணும்னு. தப்பு பண்ணிட்டேன்" என்றார். சித்தப்பா நம்பாமல் என் முகத்தைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்த தலைக்கு ஆமாம் என்றுதானே அர்த்தம்? "என் வெதய வித்தா உன் வூட்டுக் கடன அடைச்ச? நானு இன்னாத்த அண்ணா வெதைக்கிறது?" என்று கேட்டார். கத்தவில்லை. உன்னைக் கீழே இறக்கி விட்டுவிட்டு, கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். காபி என் கையிலேயே ஆறியது.

அவர் எங்கேயோ கடனுக்குப் பழைய விதை வாங்கிப் போட்டார். பாதி முளைக்கவில்லை. அடுத்த வருஷம் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் கல்குவாரிக்கு வேலைக்குப் போனார், அந்தக் கடன் தீரும்வரை கல் உடைத்தார். உன் அப்பா கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் சேர்த்து எடுத்துக்கொண்டு போனபோது வாங்கமாட்டேன் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார். உன் ஆயா, அவர்களைப் பெற்றவள், செத்தபோது அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பாடையைப் பிடித்துக்கொண்டு போனார்கள், ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. சுடுகாட்டிலிருந்து வந்து உன் அப்பா, "அவன் எளச்சிப் போய்ட்டாம்மே" என்று மட்டும் சொன்னார். அன்றைக்காவது நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாள் ஆக ஆகச் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போயிற்று. ஒரு கட்டத்துக்குமேல் அது நடக்கவே இல்லை என்பது மாதிரி நடமாட ஆரம்பித்தேன்.

இதெல்லாம்கூடப் போகட்டும். நீ காலேஜில் படிக்கும்போது, ஒரு கல்யாணத்தில் உன் சித்தி சொன்னதைக் கேட்டுவிட்டு வந்தாய். பைக் வாங்கித் தரவில்லை என்ற சண்டையில், "சொந்தத் தம்பியையே ஏமாத்துன ஆளுதான நீங்க, எனக்கா குடுத்துடப் போறீங்க?" என்று சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மனுஷனைப் பார்த்துக் கேட்டாய். உனக்கு நினைவிருக்கும். அவர் எழுந்து கை கழுவிக்கொண்டு வெளியே போனார். நான் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை, 'அவர் இல்லடா, நான்' என்று ஒரே வார்த்தை. அதைச் சொல்லாமல், "அப்பாவைப் பாத்து அப்படிப் பேசாத" என்று பெரிய மனுஷி மாதிரி உன்னை அதட்டினேன். நான் செய்ததிலெல்லாம் மகா கேவலமானது அதுதான் கண்ணா. விதையை விற்றதைவிட அது மோசம். நீ அவரோடு மனம்விட்டுப் பேசாமல் போனது அதற்குப் பிறகுதான். அது எனக்குத் தெரியும், தெரிந்தும் உன்னை என் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு சுகப்பட்டேன்.

போன வாரம் உன் அப்பாவிடம் கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் திண்டிவனத்துக்கு பஸ் ஏறினேன். அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து உன் சித்தப்பா ஊருக்குப் போனேன். போர்வெல் மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "வாங்க அண்ணி" என்றார், எழுந்து நின்றார். என்னிடம் அவருக்கு என்றைக்குமே கோபம் இல்லை, அண்ணன் செய்த தப்புக்கு அண்ணி என்ன செய்வாள் என்று நினைத்தவர். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், லட்டு உட்பட. சித்தி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு கேட்டாள். அவர் எழுந்த இடத்திலேயே நின்று கேட்டார். முடித்ததும், "இத்த அன்னிக்கே சொல்லி இருந்தீங்கன்னா உங்க மேல ஒரு வருசம் கோவமா இருந்திருப்பேன். நானு எங்க அண்ணன் மேல முப்பது வருசம் இருந்துட்டனே" என்றார். நான் காலில் விழப் போனேன். "வேணாம் அண்ணி, போங்க" என்றார். உட்காரச் சொல்லவில்லை. தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்கவில்லை. திரும்ப பஸ் வரும்வரை ரோட்டில் நின்றேன், அப்படித்தானே நிற்க வேண்டும்.

இப்போது உனக்குச் சொல்கிறேன், புத்திமதி சொல்ல யோக்யதை இல்லாதவளாகவே சொல்கிறேன். மாதாந்தரத் தவணையை ஒரு நாள் தவறாமல் கட்டு, அதில் சால்ஜாப்பு கிடையாது. கூடுதலாகக் கட்ட முடிந்தால் கொஞ்சம் கட்டு, வேண்டாம் என்று சொல்லவில்லை, கடன் குறைவது நல்லதுதான். ஆனால் கையைத் துடைத்துக் கட்டாதே. ஆறு மாதம் இரண்டு பேரும் சம்பளம் இல்லாமல் இருந்தாலும் அடுப்பு எரிகிற அளவுக்குப் பணம் எப்போதும் தனியாக இருக்கட்டும். போட்டு வைக்கிற பணம் எல்லாம் சும்மா தூங்கும் பணம் என்று நினைத்துவிடாதே. ஒவ்வொன்றின் பின்னாலும் யாரோ ஒருவர் எதையோ நம்பிக்கொண்டு இருக்கிறார். எடுப்பதற்கு முன்னால் இது யாருடைய ஆடி மாதம் என்று கேள். பிரியா சேர்த்தது நாளைக்குப் பிறக்கப்போகிற உன் பிள்ளைக்கு அவள் பக்கத்தில் இருப்பதற்காக. அதை எடுத்து நீ ஃப்ளாட்டில் கொட்டினால், நீயும் ஒரு நாள் அழகான வீட்டுக்குள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பாய். கையெழுத்துப் போடச் சொல்லி அவளைக் கேட்காதே. கேட்டதற்கு மன்னிப்புக் கேள். அம்மா சொன்னதால்தான் செய்தேன் என்று என் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கப் பார்க்காதே, அந்த வித்தையை இந்த வீட்டில் நான் ஒருத்தி செய்தது போதும்.

இதுவரைக்கும் நேற்று எழுதி மடித்து வைத்திருந்தேன். உன் அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சொல்லாமலே இருந்தேன். இன்று காலை பத்து மணி இருக்கும், கேட்டுக்கு வெளியே உன் சித்தப்பா நின்றார். உன் அப்பாதான் பார்த்தார். பார்த்துவிட்டுக் கேட்டைத் திறக்கக்கூடத் தோன்றாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அண்ணி வந்து சொல்லிட்டாங்க அண்ணா" என்றார் சித்தப்பா. உன் அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். "நீ இன்னாத்துக்குப் போயி சொன்ன? உன்ன யாரும் ஒரு வார்த்த சொல்லக் கூடாதுன்னுதான நான்..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டார். கல்யாணம் ஆன நாளாக அவர் என் மேல் கோபப்பட்டது இன்றைக்குத்தான், அதுவும் இதற்கு. நான் போய்க் கேட்டைத் திறந்து, "உள்ள வாங்க, ரெண்டு பேரும் சாப்ட்டுக்கினு பேசலாம்" என்றேன். சித்தப்பா வாசற்படியைப் பார்த்தார், உள்ளறைப் பக்கம் பார்த்தார். "இந்த வூட்ல என்னால கை நனைக்க முடியாது அண்ணி, மன்னிச்சிக்கோங்க" என்றார். பிறகு உன் அப்பாவிடம், "வா அண்ணா, வெளிய எங்கனா டீ சாப்டலாம்" என்றார். உன் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, பித்தானைத் தப்பும் தவறுமாகப் போட்டுக்கொண்டு, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பினார். இரண்டு பேரும் தெருமுனை வரைக்கும் போனார்கள். முனை திரும்பும்போது சித்தப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவேன்? போய் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் வரவில்லை. உலையை இறக்கி வைத்துவிட்டு, கடன் இல்லாத வீட்டில் தனியாக உட்கார்ந்து இதை முடிக்கிறேன். நீ பிரியாவை அழைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வா. வந்ததும் வழக்கம்போல என்னிடம் வராதே. முதலில் உன் அப்பாவிடம் போ.

அம்மா